கீச்சான் வந்த இரவு

பெயிண்ட் வாளியில் கொண்டுவந்து வைத்தாள் ஃபிலோமி.
வலையில் மிஞ்சியதாம். காசு வேண்டாமாம்.
கட்டைவிரல் நீளம்,
வெள்ளி உடம்பில் வளைந்திறங்கும் மூன்று கருங்கோடு.
கையில் எடுத்தபோது கீச் என்றது,
செவுள்முள் குத்தி என் விரல் சிவந்தது.
"பேரு சும்மாவா வச்சாங்க" என்றபடி
வாளியை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

மண்டபத்தில் எங்கள் லாட்ஜ்.
வரவேற்பு மேசைக்குப் பின்னே ஆறடிக் கண்ணாடித் தொட்டி.
அதில் முழங்கை நீளத்தில் ஒரு களவா,
மேனேஜர் என்றே அதைக் கூப்பிடுகிறோம்
மேனேஜர் இல்லாத நேரங்களில்.
கிளாத்தி இரண்டு, கல்லைக் கவ்வி
இடம் மாற்றி வைத்துவிட்டு நம்மைப் பார்க்கும்.
பிறகு செப்பிலி. அதற்கு இடது கண் மங்கல்.

முதலாளி சேகு ஜமாலுதீன்
தம்மாமிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார்:
"சின்னதப் பாத்துக்கப்பா,
ஒரே முழுங்குல போயிரும்."

ஆகவே எல்லாம் முறைப்படி.
பையைக் கட்டி மேலே மிதக்கவிட்டேன்,
சூடும் சூடும் ஒன்றாகட்டும்.
அது பெண்கடல் மீன்,
வாடைக்காற்று கலக்கிவிட்ட வடக்குத் தண்ணீர்.
தொட்டியில் இருப்பதோ ஆண்கடல்,
தெற்குக் கரையில் கேன் கேனாய் மொண்டு வந்தது.
இரண்டுக்கும் நடுவே ஒரு ரோடும் ஒரு தண்டவாளமும்தான்.
ஆனாலும் உப்பு வேறு.
குளுக்கோஸ் குழாயில் முடிச்சுப் போட்டு
ஒன்றரை மணி நேரம், சொட்டுச் சொட்டாக
ஒரு கடலை இன்னொரு கடலுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பெரியவர்களுக்கு முதலில் நெத்திலி.
வயிறு நிறைந்தால் புதியவரை முறைக்க மாட்டார்கள்
என்று ஒரு கணக்கு.
பாறைகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினேன்,
எது யார் மூலை என்பது
எல்லோருக்கும் ஒரேயடியாக மறந்துபோக.
விளக்கை அணைத்தேன்.
பையின் வாயைச் சாய்த்தேன்.
போயிற்று.

பதினொன்றரைக்குத் திருப்பூர்க் குடும்பம் ஒன்று.
பெயர், ஊர், வந்த காரணம், புறப்படும் நாள்
என்று நான் எழுதிக்கொண்டிருக்க
அவர்கள் பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
"சின்ன மீன் எங்க?" என்றான்.
பயந்து ஒளிஞ்சிருக்குப்பா, காலையில் வரும்.
பதிவேட்டில் நாலாவது கட்டத்தை அவர்கள்
காலியாகவே விட்டுவிட்டு மாடி ஏறினார்கள்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
காற்றுக் குமிழ் நின்றது.
இன்வெர்ட்டர் விழித்துக்கொள்வதற்குள்
சரக்கு ரயில் ஒன்று ஊரைக் கடக்க
தொட்டித் தண்ணீர் விளிம்புவரை நடுங்கியது.
செல்போன் வெளிச்சத்தைக் கையால் பாதி மூடிக் குனிந்தேன்.
யாராவது மென்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்து.

அது வந்தது.
பாறைக்குப் பின்னால் இல்லை, பயத்தில் இல்லை.
செப்பிலியின் மங்கிய கண் பக்கமாக,
அந்தப் பக்கமாகவே,
ஒரு கொத்து. விலகல்.
மறுபடி ஒரு கொத்து.
மேனேஜர் வாயைத் திறந்து மூடினார்.
உள்ளே போனது வெறும் தண்ணீர்.
அவருடைய வாலிலும் ஏற்கனவே ஒரு பிசிறு.
கிளாத்திகள் இரண்டும் மேல்மூலையில்
ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.

கூடை எடுத்துவந்து அதைப் பிரித்திருக்கலாம்.
எடுத்துவரத்தான் எழுந்தேன்.
எவ்வளவு நேரம் நின்றே பார்த்தேன் தெரியவில்லை.

விடிந்து ஃபில்டர் பஞ்சைப் பிழிந்தபோது
உள்ளங்கையில் ஏழெட்டுச் செதில்,
வெட்டிப் போட்ட நகம்போல.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்
ஒவ்வொன்றிலும் வரிவரியாய் வயது.
கீச்சான் குழாயடியில்,
வயிறு லேசாக உப்பி,
யாரையும் தெரியாததுபோல்.

ஏழு மணிக்கு வாட்ஸ்அப்:
சின்னது உயிரோட இருக்கா?

இருக்கு
என்று மட்டும் அனுப்பினேன்.