வெட்டிய அட்டை

பேர்ணாம்பட்டு பஸ் போய்விடுமென்ற அவசரம்.
தோட்டப்பாளையம் கடைவாசலில்
ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில்
இஸ்மத்துல்லா சொன்னார்:
"தொடை ரெண்டும் ஊறப்போட்ட தோலாட்டம் கனக்குதும்மா.
தோல்ஷாப்புல நிக்க முடியல.
இறுக்கம் விட ஏதாவது கொடு."

பத்து மாத்திரை அட்டையில் ஆறு வெட்டினேன்.
கத்தரி வழக்கம்போல
பெயர் இருந்த பக்கத்தை எனக்கே வைத்துக்கொண்டது.

கொழுப்புக்கு ராத்திரி ஒன்று போடுவதை
அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.
பின்னால் நின்றவர் கண்ணாடியில்
சில்லறையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வலி விட்டுவிட்டதாம்.
நாலு நாள் மெஷினில் நின்றிருக்கிறார்.
அஞ்சாம் நாள் மூத்திரம்
டிக்காஷன் நிறத்தில்.

மதியம் போன். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் நஸ்ரீன்:
"அக்கா, அட்டையில பேரோட வால் மட்டும்தான் இருக்கு.
டாக்டர் முழுசா கேக்கறாங்க."

டப்பாவில் துழாவி என் பாதியை எடுத்து
எழுத்தெழுத்தாய் வாசித்தேன்.

"தசை கரைஞ்சு கிட்னிக்குப் போகுதாம்.
கொழுப்பு மாத்திரையா, இதுவும் சேர்ந்துச்சான்னு
இன்னும் தெரியலயாம். சலைன் ஏறுது."
திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

எதையோ சொல்லத்தான் அந்த வலி கத்தியிருக்கிறது.
அதன் வாயில் துணி அடைத்து
முப்பத்தாறு ரூபாய் வாங்கியிருக்கிறேன்.

இப்போதும் ஆறு கேட்கிறார்கள். வெட்டுகிறேன்.
பெயர்ப் பக்கம் அவர்களுக்கு.

"வேற என்ன மாத்திரை போடறீங்க?"
முறைக்கிறார்கள்.
நேற்று ஒருவர் மட்டும்
பஸ்ஸை விட்டுவிட்டு
சட்டைப்பையைத் துழாவினார்.