மூச்சு விடக் கூடாத இடம்

லியெபாயாவில் பிப்ரவரி.
கோட்டுகளைக் கழற்றாமல்தான் தேவாலயத்தில் ஒத்திகை.
சோப்ரானோ ஒன்பது பேர்.
ஆல்ட்டோவில் மிர்ட்சா, நான், ஜிட்ரா.
ஆண்குரல் ஒன்றும் இல்லை;
அடித்தளம் போட எங்கள் மூன்று தொண்டைகள்தான்.

மரியாள் பாடியது அது.
கருவுற்ற ஒருத்தி மலைநாட்டுக்கு நடந்துபோய்
கருவுற்ற இன்னொருத்தியின் வாசலில் நின்று பாடியது.
அந்த வீட்டில் கீழ்க்குரல் பாட யார் இருந்தார்?
சகரியா இருந்தார்.
அவரும் அப்போது ஊமை.

இசையமைத்த ஆவுஸ்மா
பசித்தவர் வயிறு நிறைவதை சோப்ரானோக்களுக்குக் கொடுத்தாள்,
படிப்படியாய் ஏறும், இரண்டு கையிலும் தட்டு ஏந்தியதுபோல.
செல்வரை வெறுங்கையாய் அனுப்பும் வரி எங்களுக்கு.
ஒரே சுரம், கீழ் ஃபா.
மேலே பென்சிலில்:
மூச்சு விடக் கூடாது.

ஜிட்ராவின் விரல்கள் மீன்புகையில் பழுப்பேறியவை.
பத்தொன்பது வருடம் ஸ்ப்ராட் மீனை
தலைமாடு கால்மாடாய் டப்பாவில் அடுக்கியவள்.
அக்டோபரில் ஆலை அறுபது பேரை நிறுத்தியது.
பட்டியல் அகரவரிசையில் இருந்தது என்றாள்,
அதை மட்டும் பாராட்டி.

கச்சேரி அன்று ரேடியேட்டர்கள் சூடாயின.
ஆலைக்காரர் க்ரீன்ஹோஃப்ஸ் கொடுத்தவை,
ஒவ்வொன்றிலும் பித்தளையில் அவர் பெயர்.
அவர் மூன்றாம் வரிசையில்.
"அந்த வரியைக் கொஞ்சம் மென்மையாக"
என்றிருந்தாள் நடத்துநர், யாரையும் பார்க்காமல்.

மென்மையாகவே தொடங்கினோம்.
"செல்வரை" வரை வந்து
ஜிட்ரா மூச்சு விட்டாள்.
அவள் நின்றதும் மிர்ட்சா நின்றாள்.
நானும்.
சோப்ரானோக்களுக்கு அங்கே ஓய்வு.
வினைச்சொல் இல்லாத வாக்கியம் ஒன்று
இருநூறு பேர் தலைக்குமேல் நின்றது.

டொக், என்றது ரேடியேட்டர்.

எங்கோ ஒரு குழந்தை சிரித்தது.
அவர் தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டார்.
பிறகு நாங்கள் மூவரும்,
சொன்னபடி மிக மென்மையாக,
"வெறுங்கையாய்."

"மூச்சு போதவில்லை" என்றாள் ஜிட்ரா பின்னால்,
பொத்தான் போட்டபடி.
ஞாயிறுதோறும் பனிக்கடலில் முங்கி
நான் எழுபது எண்ணி முடித்தபின் எழுபவள்.

ஆவுஸ்மா ஒன்றும் கேட்கவில்லை.
என் தாளை வாங்கினாள்.
பென்சில் குறிப்பை அழித்தாள்.
அந்த இடத்தில் சுரங்களுக்கு மேலே
ஒரு காற்புள்ளி போட்டாள்,
பாடகர்கள் மூச்சு வாங்கும் அடையாளம்.
இந்த முறை பேனாவில்.