கயிற்றுக்கு அந்தப் பக்கம்

நெகோச்சியா கடற்கரையில்
கூடாரம் வாடகைக்கு விடுகிற வேலை எனக்கு.
வெள்ளையும் நீலமுமாய் நூற்றிருபது கான்வாஸ் கூடாரங்கள்,
சுற்றிலும் ஒரு கயிறு.
உள்ளே காசு கொடுத்தவர்களின் நிழல்.
வெளியே எல்லோருக்குமான வெயில்.

இங்கே கோடை என்பது சனவரி.
மூன்று மாதம் உழைத்து
ஒன்பது மாதம் உட்கார்ந்து தின்ற ஊர்.
இப்போது அந்த மூன்றையே தின்றுகொண்டிருக்கிறோம்.

நாற்பத்தேழாம் கூடாரம்
ரோசாரியோவிலிருந்து வரும் பெர்த்தொலோத்தி வீட்டாருக்கு.
முதலில் மாதம் முழுக்க எடுத்தார்கள்.
பிறகு பதினைந்து நாள்.
பிறகு ஒரு வாரம், பையனுக்குப் பரீட்சை என்று.
கோடை விடுமுறையில் என்ன பரீட்சை என்று
நான் கேட்கவில்லை.
போன வருடம் மூன்று நாள். அதில் ஒன்று மழை.

விலைப்பலகையைச் சாக்பீஸில் எழுதச் சொல்லிவிட்டார் முதலாளி.
வெள்ளிக்கிழமை எழுதியது திங்கள்வரை தாங்காது.
என் விரலிடுக்கில் எந்நேரமும் வெள்ளைத் தூள்;
எந்தப் பள்ளியில் வேலை என்று
பஸ்ஸில் ஒருத்தி கேட்டாள்.

வீட்டில் கிரசீல்தா டஜன் முட்டை வாங்குவதை விட்டாள்.
ஆறு. அப்புறம் நாலு.
கறிக்கடையில் ‘நாய்க்கு’ என்று சொல்லி எலும்பு கேட்கிறாள்.
நாய் செத்து இரண்டு வருடமாகிறது.
கடைக்கார ஓமாருக்கும் அது தெரியும்.
கொஞ்சம் சதை ஒட்டியதாய்ப் பார்த்துப் போடுகிறார்,
“பாவம், வயசான நாய்” என்றபடி.

இந்த சனவரியிலும் பெர்த்தொலோத்திகள் வந்தார்கள்.
கயிற்றுக்கு அந்தப் பக்கம்,
நாற்பத்தேழிலிருந்து நாலு எட்டில்,
சொந்தக் குடையை மணலில் ஊன்றினார்கள்.
நாற்பத்தேழு காலி.
மூன்று மணிக்கு மேல் அதன் நிழல்
கயிற்றைத் தாண்டிப் போய்
அவர்கள் கால்மாட்டில் படுத்துக்கொண்டது.
நிழலுக்கு ரசீது போட எனக்குத் தெரியாது.

செனோரா தெல்மா கையசைத்தாள்.
நானும் அசைத்தேன்.
இருவருமே கொஞ்சம் அதிகமாக.

தெருவில் கூட்டத்துக்குக் குறைவில்லை.
எல்லோரும் நடக்கிறார்கள்,
நடப்பதற்கு இன்னும் விலை வைக்கவில்லை.
‘அறை காலி’ என்ற விளக்கு
டிசம்பரிலிருந்து அணையாமல் எரிகிறது ஹோட்டல் வாசலில்.
ஊருக்குப் பெட்டி பெட்டியாய்க் கட்டிப்போன
அல்ஃபாஹோர் இனிப்பை
ஒன்றே ஒன்று வாங்கி நாலாய் வெட்டித் தரச் சொல்கிறார்கள்.
புதுக் கத்தி வாங்கியிருக்கிறாள் கடைக்கார மிர்த்தா.
இந்த வருடத்தில் அவள் போட்ட முதல் அது.

மாட்டே குடிக்க வெந்நீர் பிடித்தாலும் காசு என்று
முதலாளி ஒரு சீட்டு ஒட்டினார்.
மறுநாள் காற்று அதை எடுத்துப் போனது.
நான் காற்றைத் தடுக்கவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம்
பெர்த்தொலோத்தி, தோளில் ஐஸ்பெட்டியோடு,
கயிற்றைக் குனிந்து கடந்து வந்தார்.
“மிலனேசா சாண்ட்விச்…”
பக்கத்துக் கூடாரத்துக்கே கேட்கவில்லை.
இருபது வருடம் வங்கிக் காசாளர்.
கூண்டுக்குள்ளிருந்து மெல்லப் பேசிப் பழகிய தொண்டை.

உரிமம் இல்லாத வியாபாரிகளை விரட்டுவதும்
என் சம்பளத்தில் சேர்த்திதான்.

“பஸ் டிக்கெட்டுக்குத் தேறினால் போதும்” என்றார்
என் செருப்பைப் பார்த்து.
சீசன் முடியும் நாளில்
மடித்த நோட்டை என் சட்டைப் பையில்
செருகிவிட்டுப் போன கை,
ஐஸ்பெட்டி வாரை இழுத்து இழுத்து விட்டது.

விலை கேட்டேன்.
சொன்னார்.
கட்டுப்படியாகாது என்றேன். நடிக்கவில்லை.
பாதியாய் வெட்டித் தரவா என்றார்.
சரி என்றேன்.
சில்லறையை இரண்டு தடவை எண்ணினார்,
பழக்கதோஷம்.

“இன்னும் சத்தமாய்க் கூவணும் செனோர்.
முதலாளி நாலு மணி வரைக்கும் தூங்குவார்.”

பாதியில் பாதியைக் காகிதத்தில் சுற்றி
கிரசீல்தாவுக்கு வைத்தேன்.
மீதியைத் தின்றேன்,
நாற்பத்தேழுக்குள் நின்று,
வாடகை தராமல்.