கொதி வரக் கூடாது

திபிலிசியில் மின்சாரம் எப்போது வருமென்று
அந்தக் குளிர்காலத்தில் மின்சாரத்துக்கே தெரியாது.
விளக்கின் சுவிட்சைப் போட்டபடியே தூங்குவேன்.
முகத்தில் வெளிச்சம் விழுந்தால்
செருப்பைத் தேடுமுன்
வச்சிரத்தை அடுப்பில் ஏற்ற வேண்டும்.

இரட்டை ஜன்னலின் இரு கண்ணாடிகளுக்கு நடுவே
அதன் பகல் உறக்கம்.
அறைப்பக்கம் வைத்தால் ஊசிப்போகும்,
தெருப்பக்கம் வைத்தால் உறைந்து பஞ்சாகும்.
பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் சின்னச் சட்டி.
தட்டினால் குலுங்கும்,
தான் மாடாயிருந்ததை இன்னும் மறக்காத நாற்றம்.

திருமணப் பதிவு அலுவலகத்தின் பேரேடுகள், பன்னிரண்டு.
கூலி இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய், வேலை முடிந்த பிறகு.
ஊரில் பசையுள்ள ஆசாமிகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள்,
என்னிடம் இருப்பது இந்தப் பசை.

அறுபது டிகிரி.
வெப்பமானி ஆகஸ்டிலேயே உடைந்தது.
வெளிச்சட்டி நீரில் சுண்டுவிரல் வைத்து எண்ணுவேன்:
மூன்றில் சுட்டால் சரி,
இரண்டிலேயே இழுத்துக்கொண்டால் ஸ்விட்சை அணை.

மேல்மாடி ஜும்பெர் வந்தான்.
டிராம் ஓட்டியவன், டிராம்கள் நின்றவிடத்தில் நிற்கின்றன.
கோட்டுப் பையிலிருந்து ஒரு முட்டை.
"உன் தண்ணீரில் போடட்டுமா, எங்கள் வீட்டு அடுப்பு எரிந்துபோச்சு."
போடு, ஆனால் கொதிக்க விடமாட்டேன்.
"கொதிக்காமல் எப்படி வேகும்?"
தெரியாது.
கொதித்தால் பசைக்குப் பிடிமானம் போய்விடும்,
இன்னும் ஐந்து முதுகு பாக்கி.

உட்கார்ந்தான்.
நான் துரிகை தோய்த்து முதுகில் இழுக்க இழுக்க
சட்டியில் ஆடை படிந்தது.
கிளறு என்றேன், கிளறினான்.
கெட்டியாகிறது என்றேன், ஒரு கரண்டி வெந்நீர் விட்டான்.
விரலை ஒட்டிப் பிரித்துப் பார் என்றேன்,
அக்ரூட் சரம் முக்கும் திராட்சைப் பாகு மாதிரி
ஒரு கம்பி வரவேண்டும்.
வந்தது.

கட்டாத தாள்களில், மே மாதத்தில், யாரையோ தேடினான்.
யாரென்று நான் கேட்கவில்லை.
கை ஈரம், தொடாதே என்றேன்.

முக்கால் மணி நேரம். ஒரு மணி நேரம்.
எட்டாவது முதுகின் பாதியில் விளக்குப் போனது.

இனி சட்டிச் சூடு ஆறும்வரை.
பேசாமல் இருந்தோம்.
தையல் நூலின் மேட்டைத் தடவித் தடவி
மீதிப் பாதியை இருட்டிலேயே பூசினேன்,
துணியை ஒட்டினேன்,
எலும்புக் கத்தியால் அழுத்தித் தேய்த்தேன்.

பிறகுதான் முட்டை.
கோப்பையில் உடைத்தான்.
வெள்ளை இளகிக் கிடந்தது,
மஞ்சள் அதைவிடக் கெட்டி.
வெந்ததா வேகாததா என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை,
ஒரே கரண்டியால் மாறி மாறித் தின்றோம்,
உப்பு அவன் வீட்டில், நாலு மாடிக்கு மேலே.

இருட்டில் அவன் விரல்கள் ஒட்டிப் பிரியும் சத்தம்.
"கம்பி வருகிறது" என்றான்.

அவன் போனதும்
சட்டியைக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தேன்.
நாலு பாக்கி.
சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று
ஒருமுறை தடவிப் பார்த்தேன்.