முக அளவு

பரந்தன் தாண்டித்தான் எங்கள் ஆடைத் தொழிற்சாலை.
அந்த ஆவணியில் காற்சட்டை தைப்பதை நிறுத்தி
மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தோம்.
மணிக்கு நூற்றியிருபது.
மூன்று மடிப்பு, இரண்டு காது நாடா, மூக்குக்கு ஒரு கம்பி.
யாருடைய முகத்துக்கு என்று
ஓடர்த் தாளில் எழுதியிருக்காது.

தேநீருக்குப் பத்து நிமிடம்.
தேன்விழி கைபேசியை நூற்கட்டையில் சாய்த்து வைத்தாள்.
ஆளில்லாத மைதானம். நீலத் தரை.
தோளில் பையோடு ஒரு கறுத்தப் பெட்டை நடந்து வந்தாள்.
வாயை மூடிய கறுப்புத் துணியில்
வெள்ளை எழுத்தில் ஒரு பெயர்.
"ஆற்ற பேர் இது, அவளுக்குக் காசு குடுக்கிற கொம்பனியோ?"
கேட்டது நான்தான்.

"பொலிஸ் சுட்ட பிள்ளையின்ர பேரடி."
ஏழு ஆட்டத்துக்கு ஏழு பெயர் கொண்டுவந்தவளாம்.
இடையில் தோற்றால்
மிச்சப் பெயர்கள் பைக்குள்ளேயே கிடக்கும்.

எனக்கு டெனிஸ் விளங்காது.
பதினைந்து, முப்பது, பிறகேன் நாற்பது?
எங்கள் மேலதிக நேரக் கணக்குப் போல
எங்கோ ஐந்து காணாமல் போகிறது.

பஸ்ஸில் தேன்விழி வாசித்துக்கொண்டே வந்தாள்.
அந்தக் கோட்டுக்குள் கறுத்தவர்களை விடாத காலம் இருந்ததாம்.
முதலில் ஒருத்தி நுழைந்தாளாம்.
பிறகு கிண்ணம் வென்ற ஒருவன்,
இரத்தத்தில் நோய் ஏறிய பிறகும்,
அகதிப் படகுகளைத் திருப்பாதே என்று
வெள்ளை மாளிகைக்கு முன்னால் நின்று கைதானானாம்.
"அகதிகளுக்காகவோ?" என்றேன்.
கரடிப்போக்கில் ஆமி ஏறி அடையாள அட்டை கேட்டது.
கதை அதோடு நின்றது.

ஞாயிறு விடிய அவள் வென்ற செய்தி வந்தது.
ஏழு பெயரும் வெளியே வந்துவிட்டன.
கழிவுத் துணியில் நானும் ஒன்று வெட்டினேன்.

ஆங்கில எழுத்துக்கு நேர்க்கோடு போதும்.
அண்ணாவுக்கு அப்பா வைத்த பெயர் ஞானசீலன்.
ஞ-வைத் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.
வளைந்து, திரும்பி, கீழே இறங்கி, மறுபடி வளைய
இரண்டு ஊசி முறிந்தது.
வட்டுவாகலில் அவன் பெயரைப் பதிந்தவன்
ஒரே இழுவையில் எழுதிக் கொப்பியை மூடினான்.
எந்த மொழியில் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.
அவனுக்குப் பத்தொன்பது.
எனக்குப் பன்னிரண்டு, தண்ணீர்ப் போத்தல் என் கையில்.

திங்கள், கந்தசுவாமி கோயிலடிக் கொட்டகை.
பலகையில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் நாள்.
எதிர்க் கடையடியில் வெள்ளைச் சேட்டுக்காரன்
வழமைபோல் எங்களைப் படமெடுத்தான்.
அம்மா மாஸ்கை வாங்கி எழுத்துக் கூட்டினாள்.
"இதை எங்க பழகினனீ?"
சொன்னேன். நீலத் தரையை, ஏழு பெயரை,
கடைசிப் பெயர் பன்னிரண்டு வயசுப் பொடியனுடையது என்பதை.
"அந்தப் பிள்ளையளெல்லாம் இப்ப?"
"செத்துப்போச்சினம்."
"ம்."

மாஸ்கை என் மடியில் வைத்தாள்.
"அவள் நல்ல பிள்ளை. நல்லா இருக்கட்டும்.
ஆனா செத்தவையின்ர பேரை எல்லோ போட்டவள்.
நான் இதைப் போடன்."
பக்கத்தில் சரசுவதி மாமி
தன் மகனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்,
துடைத்த இடத்தையே மறுபடி.

நான் தையலைப் பிரிக்க நினைத்தேன்.
கத்தரிக்கோல் தொழிற்சாலையில்.

பின்னேரம், பாய் சுருட்டும்போது,
"அதைக் கொண்டா" என்றாள்.
அண்ணாவின் படத்தில் வைத்து அளவு பார்த்தாள்.
அடையாள அட்டைக்கு எடுத்த படம்,
முழு முகமும் துணிக்குள் மறைந்தது.
"கொரோனாக் காலம். வரேக்க அவனுக்கும் ஒண்டு வேணும்."
ஏ-ஒன்பதில் லொறி ஒன்று போய் முடியும்வரை பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
"காது நாடாவைக் கொஞ்சம் நீட்டிவிடு.
இப்ப அவனுக்கு முகம் பெருத்திருக்கும்."