எத்தனை வாய்

தர்மபுரியிலிருந்து பைக்கில் வந்தவர்
ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னே கேட்டார்:
வீட்டில் எத்தனை பேர்?
நாலு, என்றார் சென்னகேசவன்.
நானும் தலையாட்டினேன்.

கண்ணாடி டம்ளரில் எங்கள் போர் தண்ணீர்,
எண்ணூற்று நாற்பது அடி.
தெளிவாகத்தான் இருந்தது, எப்போதும்போல.
பேனா மாதிரி ஒன்றை முக்கினார்:
ஆயிரத்து நூற்று இருபது.
அப்புறம் இரண்டு கம்பி, ஒரு சுவிட்ச்.
டம்ளர் முழுக்கச் செங்கல் கரைத்த நிறம்.
பாத்தீங்களா மேடம், இதத்தான் குடிக்கிறீங்க.

இருபத்தொரு வருடமாக
அரசு மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில்
குடுவை கழுவுகிறவள் நான்.
கரைவது கம்பியின் இரும்பு. சொல்லவில்லை.
பென்னாகரம் வெயிலில் வந்திருக்கிறார்,
மோர் கொடுத்தேன்.
எந்தத் தண்ணீர் விட்டுக் கடைந்தது என்று
அவரும் கேட்கவில்லை.

அட்டைகளை விரித்தார்.
மொட்டைமாடியில் ஆளுயர உருளை,
முழு வீட்டுக்கும். எழுபத்தெட்டாயிரம்,
மாதம் ஒரு மூட்டை உப்பு.
ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு ஏறாது,
குழாய் மூக்கு வெளுக்காது,
சோப்பு நுரைக்கும், முடி கொட்டாது.
என் கணவரின் கை
உச்சந்தலைக்குப் போய்விட்டு வந்தது.

ஃபுளோரைடு போகுமா?
எல்லாமே போகும் மேடம்.
எல்லாமே என்றால்?
அட்டையைத் திருப்பினார்.
பின்பக்கம் ஒரு குழந்தை
அத்தனை பல்லும் தெரியச் சிரித்தது.
இந்தப் பக்கத்துக் குழந்தை இல்லை.

நான் வாய்மூடிச் சிரிக்கிறவள்.
கல்யாண ஆல்பம் நாற்பது பக்கம்,
ஒரு பல் கிடையாது.
பெயர் பூமா;
உதடு அதிகம் விரியாமல் சொல்லிவிடலாம்.

ஆய்வுத் தாள் பீரோவில் இருக்கிறது:
இரண்டு புள்ளி ஆறு.
ஒன்றரைக்கு மேல் ஆகாது என்பார்கள்.
உப்பு உருளை சுண்ணாம்பைப் பிடிக்கும்,
இதைத் தொடாது.
கொதிக்கவைத்தால் வற்றும், இன்னும் கூடும்.
சமையலறைச் சின்னப் பெட்டி இதற்குப் போதும்,
ஆனால் ஒரு குடம் தருவதற்கு
மூன்று குடம் கீழே விடும்,
விடுகிற மூன்றிலும் மூன்றரை.
ஒகேனக்கல் குழாயோ
நாலு நாளைக்கு ஒருமுறை,
பல் விளக்கும் முன்னே வந்து
பல் விளக்கும் முன்னே நின்றுவிடும்.

கணக்குப் போட்டபடி படியிறங்கினேன்.
கீழ்வீட்டு ஹேமஸ்ரீ உள்ளங்கையை நீட்டினாள்,
ரத்தம் காயாத ஒரு பால்பல்.
அத்த, எனக்கு எட்டல,
மாடி மேல எறிஞ்சு குடுங்க.

ஆறு வயது.
ஈறுக்குள் காத்திருக்கும் முன்பல்லின் நிறம்
அநேகமாக முடிவாகிவிட்டது.
இடுப்பில் தொங்கும் தம்பிக்கு ஒன்பது மாதம்,
அவனுக்கு எதுவும் முடிவாகவில்லை.
கிரானைட் பட்டறைக்குப் போன அப்பா,
துணி அலசிக்கொண்டிருந்த அம்மா,
எல்லோருக்கும் எங்கள் டேங்க்தான்.
வாடகை நாலாயிரத்து ஐந்நூறு.
தண்ணீருக்கென்று தனியாக
மாதம் நூற்றைம்பது வாங்குகிறேன்.

மேலே, ரசீதில் எழுதிக்கொண்டிருந்தார்:
குடும்ப உறுப்பினர், நாலு.
எட்டு, என்றேன்.
சென்னகேசவன் நிமிர்ந்து பார்த்தார்.
அப்போ பெரிய மாடல் போட்டுடலாம் மேடம்,
என்றார் அவர், சந்தோஷமாக.

உருளை வேண்டாம்.
சின்னப் பெட்டி ஒன்று,
சமையலறையில் அல்ல,
படிக்கட்டுக்கு அடியில்,
ஹேமஸ்ரீக்கு எட்டும் உயரத்தில் குழாய்.
கழிவது கக்கூஸ் தொட்டிக்குப் போகட்டும்,
கறிவேப்பிலைக்கு வேண்டாம்.
அவர் மோர் டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு
வேறு ரசீது தேடினார்.

குளிக்கிற தண்ணி? என்றார் கணவர்.
ஹீட்டர் கம்பி வருடத்துக்கு ஒன்று
மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.
தலையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பல்லை எறிந்தேன்.
டேங்க் மூடியில் பட்டு டக்கென்றது.
விழுந்துச்சா, என்று கீழிருந்து கேட்டாள்.
விழுந்துச்சு.

இந்த மாத நூற்றைம்பதை
வாங்குவதா வேண்டாமா,
இன்னும் யோசிக்கிறேன்.