வெட்டக் கூடாது

கலியாணம், சாமத்தியம், அந்தியேட்டி.
பரந்தன் சந்தியில் பதினொரு வருஷமாய்
வெட்டி ஒட்டித்தான் எனக்குச் சோறு.
யூடித் நீட்டிய தாளில் முதலாவது விதி:
வெட்டக் கூடாது.
முகம், இரண்டு கை, வில், வாத்தியம் முழுவதும்
ஒரே பிரேமுக்குள்.
பதினான்கு நிமிஷம்.
பூ விழுகிற எஃபெக்ட் போடட்டோ என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

அவளைவிட ஒரு முழம் உயரம் அது.
கனடாவிலிருந்து கொன்வென்றுக்கு வந்த பெட்டியில்
வயலின்களை மற்றப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள
மிஞ்சிக் கிடந்த டபிள் பேஸ்.
பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட்.
தந்தி மாற்ற யாழ்ப்பாணம் கொண்டுபோனபோது
ஆனையிறவில் இறக்கி, உறை கழற்றி,
ஆமிக்காரன் தட்டிப் பார்த்தானாம்,
பலாப்பழம் வாங்குகிறவன் மாதிரி.

"உதை ஆர் வாசிக்கினம்? சுகமாய் எடுபடும்" என்றேன்.
"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுகினம், அண்ணை.
ஓக்கெஸ்ட்ராவிலை வயலின் முப்பதெண்டால் இது எட்டு.
அந்தக் கல்லூரியிலை படிக்கிறதே பத்துப் பேர்.
ஆரும் முடிச்சு வெளிக்கிட்டால்தான் ஒரு கதிரை.
இந்த முறை ரெண்டு கதிரை.
போன முறை விண்ணப்பம் நூற்றி நாற்பத்தாறு."
கம்பஸுக்கென்றால் கிளிநொச்சிக்கு ஒரு வெட்டுப்புள்ளி,
கொழும்புக்கு வேறொன்று.
"அங்கை மாவட்டக் கோட்டா ஒண்டும் இல்லையோ?"
வில்லுக்கு றொசின் பூசிக்கொண்டே
இல்லையென்று தலையாட்டினாள்.

வட்டக்கச்சியில் சங்கத்தின் நெற்களஞ்சியம்.
அறுவடைக்கு மூன்று மாதம் இருந்தது, வெறுமை.
முதல் தடவை, மயில்.
இரண்டாம் தடவை, லான்ட்மாஸ்டர், அதுவும் கடைசி நிமிஷத்தில்.
மூன்றாவதில் தகரத்தில் மழை தொடங்கி
அவள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு
முக்கால் மணித்தியாலம் கூரையைப் பார்த்திருந்தாள்.
நான்காவதில் ஒரு நாய் வந்து
பிரேமின் ஓரத்தில் நனைந்தபடி படுத்தது.
அவள் காணவில்லை.
அடித்தந்தியில் இழுத்த ஒரு சுரம்
சீமெந்துத் தரையால் ஊர்ந்து
என் செருப்புக்குள் ஏறியது.
முக்காலியைப் பிடித்தேன். நடுங்கியது
அதுவா நானா தெரியவில்லை.
ஐந்தாவது சுத்தம்.
ஒரு பிழையில்லை. நாயுமில்லை.

எதை அனுப்புவது?
ஃபோனில் போட்டால் அடித்தந்தி கேட்கவேயில்லை.
வில் மட்டும் போய்ப் போய் வருகிறது,
மரமில்லாமல் அறுக்கிற வாள் மாதிரி.
கடையில் கலியாண ஸ்பீக்கரில் போட்டோம்.
அலமாரியில் கிரிக்கெட் கப்புகள் கலகலத்தன.
பக்கத்துச் சலூன்காரன்
ஒரு கன்னம் நுரையோடு ஆளை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.
"அவை எதிலை போட்டுக் கேப்பினம், அண்ணை?"
எனக்கென்ன தெரியும்.

நாயை அனுப்பினோம்.

விண்ணப்பக் காசு ஐந்து மூட்டை நெல்லு.
அங்கே நள்ளிரவென்றால் இங்கே விடிய ஐந்தரை.
குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல்.
தொண்ணூற்றேழு வீதத்தில் வந்து நின்றது
நாற்பது நிமிஷம்.
தவளைகள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன,
ஆரும் எண்ணாத விண்ணப்பங்கள்.
அவளுடைய தகப்பன் மோட்டார்சைக்கிளில் சாய்ந்தபடி
தொண்ணூற்றேழு நல்ல மார்க்தானே என்றார்.

மாசியில் களஞ்சியம் நிறைந்தது.
இனி அங்கே வாசித்தால் சத்தத்தை நெல்லுக் குடித்துவிடும்.
யூடித் கடைக்கு வந்தாள், வாத்தியம் இல்லாமல்.
ஆரோ கூட வராமல் விட்டது போலிருந்தது.
முப்பது பேரை நேரில் கூப்பிட்டிருக்கிறார்களாம்.
கதிரை அதே ரெண்டுதான்.
விசாவுக்குப் படம் வேணும்:
வெள்ளைப் பின்னணி, காது தெரிய வேணும்,
சிரிக்கக் கூடாது.

சிரித்துவிட்டாள்.
"அழிச்சிட்டு இன்னொண்டு எடுங்கோ, அண்ணை,
இதை எத்தினை தரமும் எடுக்கலாம்தானே."